எந்த பவுல் ஆட்டத்துக்கு உட்காரலாம்? பல வருடம் பார்த்தவனின் அனுபவம்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பாலின் (கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) பவுல் சீசன். வழக்கமான சீசன் முடிந்தபின் இரண்டு அணிகளை அழைத்து நடத்தும் தனித்தனி ஆட்டங்கள்தான் பவுல். ஏறக்குறைய 40 ஆட்டங்கள். வழக்கமான சீசனின் 12 ஆட்டங்களில் ஆறை ஜெயித்தாலே தகுதி கிடைத்துவிடும் என்பதால் தங்கமும் வரும், தகரமும் வரும். ஆரம்பத்தில் லீவுதானே என்று கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முந்தின நாள் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுவேன்: யார் யார் ஆடப்போவதில்லை?

2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல். நோட்ரே டேம் காலேஜின் ஜெய்லன் ஸ்மித் முழங்காலை உடைத்துக்கொண்டார். தொழில்முறை அணிகள் காலேஜ் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சில இடங்களுக்குள் போயிருக்க வேண்டியவர், இரண்டாம் சுற்றுக்குச் சரிந்தார். அடுத்த சீசன் முடிவில் ஸ்டான்ஃபோர்டின் மெக்காஃப்ரியும் எல்எஸ்யூவின் ஃபோர்னெட்டும் பவுலுக்கு வரவில்லை. இருவருக்கும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் காத்திருந்தது. யார் குறை சொல்ல முடியும்? அன்றைக்குப் பெரிய செய்தி, இன்றைக்கு வழக்கம். அப்புறம் காலேஜ் மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துகொண்டது. ஆட்டத்துக்கு முன்பே பாதிப் பேர் வேறு காலேஜுக்கு மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

இதன் உச்சம் 2023 ஆரஞ்சு பவுல். 13 ஆட்டங்களில் 13 வெற்றி பெற்றும் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளே ஆஃபில் இடம் கிடைக்காத ஃபுளோரிடா ஸ்டேட், நட்சத்திரங்கள் பலர் இல்லாமல் ஜார்ஜியாவோடு மோதி 63-3 என்று தோற்றது. மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பவுலின் பெயரைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதை அன்றோடு விட்டேன்.

பெயர் தெரியாத ஆட்டங்கள்தான் எனக்குக் காசுக்கு மேல் தந்திருக்கின்றன. 2014 பஹாமாஸ் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது வெஸ்டர்ன் கென்டக்கி 49, சென்ட்ரல் மிச்சிகன் 14. டிவியை அணைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். மிச்சிகன்காரர்கள் வரிசையாக டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டை எட்டுவது, ஆறு புள்ளி) போட்டார்கள். கடைசி விநாடியில் தூரத்திலிருந்து வீசிய பந்தைப் பிடித்தவர் இன்னொருவருக்குத் தள்ள, அவர் அடுத்தவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் ஓடியவர் மூலையில் விழுந்து கோட்டைத் தொட்டார். 49-48. டச் டவுனுக்குப் பின் பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுக்கலாம், மறுபடி கோட்டை எட்டினால் இரண்டு. அவர்கள் உதைத்துச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குப் போகாமல், அங்கேயே ஜெயிக்க இரண்டு புள்ளிக்கு முயன்று தோற்றார்கள். இந்தச் சின்ன அணிகளுக்கு அந்த ஆட்டம்தான் வருடத்தின் பெரிய நாள். யாரும் காலைப் பாதுகாத்துக்கொண்டு ஆடுவதில்லை.

அதே காரணத்துக்காக ராணுவக் கல்லூரி அணிகளான ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் எந்த பவுலில் இருந்தாலும் பார்த்துவிடுவேன். பந்தை வீசுவதைவிட ஓடுவதிலேயே குறியாக இருக்கும் பழைய பாணி. ஆட்டமும் சட்டென்று நகரும். 2024 டிசம்பரில் ஓக்லஹோமா கடைசி நொடிகளில் டச் டவுன் போட்டு இரண்டு புள்ளிக்குப் போனது. நேவி தடுத்தது, 21-20.

முக்கிய ஆள் இல்லாமலும் ஆட்டம் அருமையாக அமைந்த நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2016 அலமோ பவுலில் டிசியூ காலேஜின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இடைநீக்கத்தில் இருந்தார். இடைவேளையில் ஓரிகன் 31-0. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரர் பிராம் கோல்ஹவுசன் எழுந்து நின்று, மூன்று கூடுதல் நேரம் இழுத்து 47-41 என்று முடித்தார். ஓரிகன் குவார்ட்டர்பேக் அடிபட்டு வெளியேறியதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே ஆள் பட்டியல் பார்ப்பது சூத்திரம் இல்லை, சல்லடை.

விளம்பர வேடிக்கைகளைப் பற்றி: பாப் டார்ட்ஸ் பவுலில் அணிச் சின்னம் போல வேடம் போட்டு ஆடித் திரிந்த பாப் டார்ட்டை (டோஸ்டரில் சுடவைத்துத் தின்னும் இனிப்புப் பண்டம்) ஒரு பெரிய டோஸ்டருக்குள் இறக்கி, ஜெயித்த அணி அதைத் தின்னும். 2023இல் அது நடந்தபோது வீட்டில் குழந்தைகள் முதல்முறையாக ஃபுட்பாலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மயோனைஸை கோச் தலையில் ஊற்றும் பவுலுக்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடம் போதும்.

ரோஸ் பவுல் மட்டும் விதிவிலக்கு. இப்போது ப்ளே ஆஃபின் பகுதி என்பதால் யாரும் ஒதுங்குவதில்லை, ஆனால் ஆட்டம் நன்றாக இருக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. 2025 ஜனவரி 1 அன்று ஓஹையோ ஸ்டேட் இரண்டாம் கால் பகுதியிலேயே ஓரிகனுக்கு எதிராக 34-0 என்று போய்விட்டது. சான் கேப்ரியல் மலை மேல் வெயில் சாயும் நேரத்தைக் காட்டும் ஒளிபரப்புக்காகவே அதை அணைக்காமல் வைத்திருந்தேன்.

நேரலையாக உட்காராதீர்கள். ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரம், அதில் கணிசமான பங்கு விளம்பரம். பதிவு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால், முடிவு வரும்போது நேரலையை எட்டிப் பிடித்துவிடலாம். ஃபோனை மட்டும் வேறு அறையில் வையுங்கள், நண்பர்கள் குழு ஸ்கோரைச் சொல்லிவிடும்.