கோமாளி மீனா, டேம்சலா? குஞ்சின் முதல் தீனியைப் பாருங்கள்

கடல் வண்ண மீன்களை வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுபவர் முன் முதலில் வந்து நிற்பவை இரண்டு: ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், பவளப்பாறைகளில் வாழும் சின்ன வண்ண மீனான டேம்சல். நாகர்கோவிலில் என் வீட்டுத் தொட்டிகளுக்கு நான் கோமாளியைத்தான் தேர்ந்தெடுத்தேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தொட்டி, ஏரேட்டர், ஃபில்டர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். உப்பு லிட்டருக்கு 33 முதல் 35 கிராம், வெப்பம் 26 முதல் 28 டிகிரி. டேம்சல் முரட்டு மீன், தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். ஆனால் சண்டை ஓயாது.

முட்டை போட வைப்பதும் பெரிய வித்தை இல்லை. கோமாளியில் எல்லாக் குஞ்சும் முதலில் ஆண்தான்; ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அதனால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டை விட்டுப் பொறுமையாக இருந்தால் போதும். ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிய முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஆனதும் முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மின்னும். அன்றோ மறுநாளோ இரவில், விளக்கை அணைத்தபின் பொரியும்.

மறுநாள் காலையில் குஞ்சுக்கு என்ன கொடுப்பது? எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். கோமாளிக் குஞ்சின் வாய் ஓரளவு பெரியது, முதல் நாளே ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நீர் உயிரைத் தின்னும். அப்புறம் ஆர்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சு. இரண்டு வாரத்துக்குள் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். டேம்சல் குஞ்சு அதைவிடப் பொடிசு. ரோட்டிஃபர் பெரும்பாலும் அதன் வாய்க்குள் போகாது, கோப்பிபாட் என்ற பொடி மிதவை உயிரின் இளங்குஞ்சுதான் வேண்டும். ரோட்டிஃபர் ஒரு மில்லி தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பெருகும். கோப்பிபாட் அப்படி நெருக்கமாக வளராது. டேம்சல் குஞ்சு குட்டி மீனாக உருமாற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால் அத்தனை நாளும் தீனிக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். மூடாக்கு போட்டு வெயில் இல்லாத நாட்களில் வெளியே வைத்த பாசித் தொட்டியின் பச்சை வெளுத்துவிடும், அந்தப் பாசியைத் தின்னும் ரோட்டிஃபரும் கோப்பிபாட்டும் குறையும். அந்த நேரத்தில் ரோட்டிஃபரை ஒரு பாட்டிலில் எடுத்து ஃபிரிட்ஜில் சில நாள் வைத்து மறுபடி பெருக்கலாம். கோப்பிபாட்டில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. மழைக்காலத்தில் மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழிமுகங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுக்காதீர்கள், ஆற்று நீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும்.

விற்பனையிலும் கோமாளிக்குத்தான் மவுசு. கடலில் பிடித்த டேம்சலே மலிவாகக் கிடைக்கும்போது, பாடுபட்டு வளர்த்ததற்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? டேம்சலை விற்கிற அளவு வரை நான் வளர்த்ததில்லை, அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் டேம்சல் இனங்களையும் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள், ஆகவே முடியாத காரியம் இல்லை.

டேம்சல்தான் வேண்டும் என்றால், மீன் வாங்கும் முன் கோப்பிபாட்டை மட்டும் இரண்டு மாதம் வளர்த்துப் பாருங்கள். மழையிலும் அது நின்றால் மீனை வாங்கலாம்.