திரையில் ஒரே எண்தான் தெரியும் என்றார்கள். 23,600 ரூபாய் போயிற்று

இணையவழித் தொலைபேசிச் சேவைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற மின்னஞ்சல் நேற்றிரவு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். திருச்சியில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் சிறிய கடை நடத்துகிறேன். கடைக்கு ஓர் எண், மெக்கானிக்குகள் மூவருக்கும் தனித்தனி எண்கள். தெரியாத எண் என்று வாடிக்கையாளர்கள் பலர் எடுப்பதில்லை. பையன்கள் பூட்டிய வீட்டு வாசல் வரை போய்த் திரும்புவது வாடிக்கையாகிவிட்டது.

இந்த நிலையில்தான் இணையவழித் தொலைபேசிச் சேவை விற்கும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். யார் எந்தக் கைபேசியிலிருந்து அழைத்தாலும், 11 ஆண்டுகளாகப் பெயர்ப்பலகையில் இருக்கும் எங்கள் கடை எண்ணே எதிர்முனையில் தெரியும் என்றார். கட்டணம் 20,000, ஜிஎஸ்டி 3,600, ஆக ஆண்டுக்கு 23,600 ரூபாய். தயங்கினேன். செயலியை ஏற்றித் தருவதாக என் கைபேசியை வாங்கி எதையோ தட்டியவர், பிறகு தம் மடிக்கணினியிலிருந்து அழைத்தார். திரையில் எங்கள் கடையின் பெயர் பளிச்சென்று வந்தது. பெயரைப் பார்த்தேனே தவிர எண்ணைப் பார்க்கவில்லை; அப்போதே பணத்தை அனுப்பிவிட்டேன். அவர் தமது சோதனை எண்ணைக் கடையின் பெயரில் என் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைத்திருந்தார் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

உண்மையில் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தவை பெங்களூரின் 080 எனத் தொடங்கும் எண்கள், அதுவும் அழைப்புக்கு ஒன்றாக. அவற்றில் ஒன்றை, முன்பு கடன் வசூலுக்குப் பயன்பட்டதோ என்னவோ, அழைப்பவர் பெயர் காட்டும் செயலி சிவப்பு நிறத்தில் ‘தொல்லை அழைப்பு’ என்று காட்டியது. முன்பு பாதிப் பேராவது எடுத்தார்கள்!

முறையிட்டபோது முதலில் 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பக்கம் சிக்கல் என்றார்கள். அதற்குப் பிறகு, அந்த எண்களையெல்லாம் சேமித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களிடமே சொல்லச் சொன்னார்கள். என் புகார் இருமுறை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது. எந்த எண் தோன்றும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். 23,600 ரூபாய் வாங்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்னொருவர் எண் தெரியும்படி அழைப்பைத் திரிப்பதை 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கும்போது, எங்கள் கடையின் கைபேசி எண்ணைத் தங்கள் கணினியிலிருந்து காட்டுவதாக எந்தத் துணிச்சலில் விற்றார்கள்?

ஆகவே, இத்தகைய சேவையை வாங்குவோர் வேறொருவரின் கைபேசிக்கு அழைத்து, பெயரையல்ல, எண்ணைப் பாருங்கள். தரப்போகும் எண்களை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். கைபேசியைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள். வேறு என்ன சொல்வதென்று இப்போது தோன்றவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பிரதிநிதியை இன்று காலையும் கடை எண்ணிலிருந்து அழைத்தேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவர் திரையில் மட்டும் எங்கள் கடை எண் சரியாகத் தெரிகிறது போலும்.