ஜெய்சால்மருக்கு "எல்லாம் சேர்த்து" பேக்கேஜா? டெல்லிக்காரர்கள் கவனம்

டிசம்பர் லீவுக்கு ராஜஸ்தான் பாலைவனத்து ஊரான ஜெய்சால்மர் போகலாம் என்று டெல்லியில் ஏஜென்சி தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கரோல் பாக் பக்கம் ஓர் ஏஜென்சி. அப்பா அம்மாவோடு நான்கு பேருக்கு ரயில் டிக்கெட் நீங்கலாக 52,000 ரூபாய், கோட்டைக்குள் தரைத்தளத்தில் ரூம், கார், ஊருக்கு வெளியே சாம் என்ற இடத்து மணல்மேட்டில் டென்ட், ஒட்டகம், ஜீப், ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் இதிலேயே அடக்கம், அங்கே போய் பர்ஸையே எடுக்க வேண்டாம் என்று அடித்துச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினார்கள்.

போய் இறங்கினால் ரூம் கோட்டைக்கு வெளியே, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். கோட்டைக்கு வெளியே தங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1156-இல் ராவல் ஜெய்சால் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஹோட்டல்கள் பெருகி, கழிவுநீர் கசிந்து, அடியிலுள்ள மண்ணே இளகுகிறது, அதனால் வெளியே தங்குவதுதான் நல்லது என்றே சொல்வேன். ஆனால் ரிசப்ஷனில் அதே ரூமுக்கு 2,200 என்று போர்டு தொங்குகிறது, எங்களிடம் வாங்கியது 4,500!

ஊருக்குள் சுற்றக் கார் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். கோட்டை, பட்வோன் கி ஹவேலி என்ற பழைய மாளிகை, கடிசர் ஏரி எல்லாம் பக்கம் பக்கம்தான், ஆட்டோவே போதும். சாம் சுமார் 40 கிலோமீட்டர், அதற்குத்தான் வண்டி வேண்டும்.

அந்த சாமில்தான் வயிறு எரிந்தது. ஜீப் பேக்கேஜில் இல்லையாம், ஒட்டகத்துக்குத் தலைக்கு இவ்வளவாம், பாலைவனக் குளிரில் நடுங்கும் அப்பாவுக்கு இன்னொரு ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, கேட்டால் அதற்கும் காசாம். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் சேர்த்துக் கையிலிருந்து 11,400 போனது.

திரும்பி வந்து ஏஜென்சியில் பில் கேட்டால், ரூமுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.

ஏஜென்சியில் பேசும்போது ரூம், டென்ட், வண்டி, ஒட்டகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட்டும், ஹோட்டல் பெயரும், எந்த மாடி என்பதும் எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்த ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் போட்டு வாடகையைக் கேளுங்கள். ஏஜென்சி எழுதித் தர மாட்டேன் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, வாட்ஸ்அப் செய்தி, பில் எல்லாவற்றோடும் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகுதான் ஏஜென்சியிலிருந்து போனே வந்தது, அடுத்த டூரில் 3,000 கழித்துக்கொள்கிறார்களாம். முடியாது, பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.