எல்எம்25, 206, 6061: அச்சுக்குள் கிழியாமல் உறையும் அலுமினியம் எது?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் சின்ன வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள், 'மெட்டீரியல் 6061' என்று எழுதிய டிராயிங் ஒன்றாவது அவர் மேஜைக்கு வந்திருக்கும். 6061 என்பது ஓர் அலுமினியக் கலவையின் எண், தலைப்பில் உள்ள எல்எம்25, 206 இரண்டும் வார்ப்புக்கான அலுமினியக் கலவைகள். டிசைன் போட்டவர் ராடிலும் பிளேட்டிலும் 6061ஐப் பார்த்துப் பழகியவர். பலமும் இருக்கிறது, கடைசலுக்கும் நன்றாக வருகிறது, அதையே உருக்கி ஊற்றினால் என்ன என்று நினைக்கிறார். ஊற்றலாம்தான், ஆனால் அச்சுப் பெட்டியைப் பிரித்ததும் உள்மூலையில் கிழிசலும் சேர்ந்து வரும்.

இது ஆறிய பிறகு விழுகிற விரிசல் இல்லை. ஆறிய பிறகு விழுவது நேராக, உள்ளே பளிச்சென்று இருக்கும். உறையும்போதே கிழிந்தது, அதாவது ஹாட் டியர், கோணல்மாணலாகப் போகும், உடைத்துப் பார்த்தால் உள்முகம் மங்கி, பொடிப்பொடி முடிச்சுகளாகத் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால் முதலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் கிழிகிறது? உலோகம் முக்கால்வாசிக்கு மேல் உறைந்த நிலையை வடித்த சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்: பருக்கை பருக்கையாகத் திடம், இடுக்கில் மெல்லிசாகக் கஞ்சி. திடம் சுமார் 90 சதவீதத்தைத் தாண்டியதும்தான் ஆபத்து. பருக்கைகள் கோத்துக்கொண்டுவிட்டதால் சுருக்கம் இழுவிசையாக மாறுகிறது, ஆனால் நடுவில் திரவப் படலம் இருப்பதால் அந்த இழுப்பைத் தாங்கும் பலம் இல்லை. இழுத்து விலகிய இடத்துக்குள் திரவம் ஓடிவந்து நிரப்பினால் பிழைத்தது, வழி அடைத்திருந்தால் கிழிந்தது. 1999இல் ராப்பாஸ், ட்ரெஸே, க்ரெமோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொடுத்த கணக்கின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது எல்எம்25ஐயும் 6061ஐயும் பக்கத்தில் வையுங்கள். எல்எம்25 ஏறத்தாழ 615 டிகிரியில் உறையத் தொடங்கி 555இல் முடிக்கிறது, 6061 652இல் தொடங்கி 582இல் முடிக்கிறது. இடைவெளி 60, 70 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் ஒன்று கிழிகிறது, மற்றது கிழிவதில்லை. வித்தியாசம் கடைசியில் மிஞ்சும் திரவத்தில் இருக்கிறது. எல்எம்25இல் சிலிக்கான் 7 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 577 டிகிரி பக்கம் வரும்போதும் சுமார் பாதி இன்னும் திரவமாகவே இருக்கும், அப்புறம் அந்தப் பாதி வெப்பநிலை அதிகம் இறங்காமலே உறைந்துவிடும். இடுக்குகளை நிரப்பவும் ஆள் இருக்கிறது, இழுப்பும் குறைவு, போதாததற்குச் சிலிக்கான் உறையும்போது விரிகிற சாதி. 6061இல் சிலிக்கான் 0.4 முதல் 0.8 சதவீதம் மட்டுமே, அலுமினியம்-சிலிக்கான் கலவையில் கிழிசல் உச்சத்துக்குப் போவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். சுத்த அலுமினியம்கூட இவ்வளவு படுத்தாது.

206 வேறு ரகம். செம்பு 4.2 முதல் 5 சதவீதம். ஹீட் ட்ரீட்மெண்ட் (சூடாக்கிப் பதப்படுத்தல்) முடிந்து வந்தால் இழுவிசைப் பலம் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும், எல்எம்25 பதப்படுத்திய மணல் வார்ப்பாக இருந்தால் 230க்கு மேல் கொஞ்சம். காகிதத்தில் இதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் கையில் பலசாலியாக இருக்கிற இந்த உலோகம் அச்சுக்குள் நோஞ்சான். உறைதல் ஏறத்தாழ 100 டிகிரிக்கு நீள்கிறது, கடைசியில் மிஞ்சும் திரவமோ பத்தில் ஒரு பங்குதான். ஓர் அடி நீளக் காஸ்டிங் 100 டிகிரி குளிர்ந்தால் முக்கால் மில்லிமீட்டர் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கோர் (உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி) தடுத்து நிறுத்தினால் எங்காவது கொடுத்தே ஆக வேண்டும். அதனால் 206 எடுப்பவர் டைட்டானியம்-போரான் போட்டு உறையும் பருக்கைகளைப் பொடியாக்க வேண்டும் (பொடிப்பருக்கை பின்னால்தான் கோக்கும்), தடித்த இடத்தில் சில் (chill, சீக்கிரம் குளிரவைக்கும் உலோகத் துண்டு) வைக்க வேண்டும், ரைசரை (சுருங்கும் இடத்துக்குத் திரவம் ஊட்டும் தேக்கம்) தாராளமாக விட வேண்டும், உள்மூலைகளில் பெரிய ஃபில்லட் (மூலை வளைவு) கேட்டு டிசைனரிடம் சண்டையும் போட வேண்டும். கோர் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன்: கார்பன் டை ஆக்சைடு ஊதிக் கெட்டியாக்கிய சிலிகேட் கோர் கல் மாதிரி நிற்கும், சுருங்கும் உலோகத்துக்கு இம்மியும் இடம் தராது. அதை வைத்துக்கொண்டு 206 ஊற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

எல்எம்6 என்ற இன்னொரு வார்ப்புக் கலவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கான் 10 முதல் 13 சதவீதம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் உறைவதால் கிழிசல் பயம் மிகக் குறைவு, மெல்லிய சுவரிலும் ஓடும். ஆனால் பதப்படுத்திப் பலம் ஏற்ற முடியாது, கடைசல்காரர் திட்டுவார். மூடி, உறை மாதிரி சுமை தாங்காத வேலைக்கு அதுவே போதும்.

என் தேர்வு எல்எம்25. பலம் போதவில்லை என்றால் 206க்குத் தாவும் முன் ரிப்பை (பலத்துக்கு விடும் விலா) தடிமனாக்க முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும். 6061தான் வேண்டும் என்று பார்ட்டி பிடிவாதம் பிடித்தால் பிளேட்டிலிருந்து வெட்டிக் கொடுங்கள். துண்டுகளாக வெட்டிப் பற்றவைப்பதானால் அங்கேயும் இதே கதைதான், ஃபில்லர் (நிரப்புக் கம்பி) இல்லாமல் உருக்கினால் வெல்டின் நடுவிலேயே கிழியும். 5 சதவீதம் சிலிக்கான் உள்ள 4043 கம்பி போட்டால் அடங்கும், ஆனால் அனோடைஸ் (மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்யப்போகும் பாகம் என்றால் வெல்ட் மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரியும் என்பதைப் பார்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.