எலி வராது என்று 28,000 ரூபாய்க்கு நுரை அடித்துவிட்டுப் போனார்கள்

மதுரையில் கடை, குடோன், மெஸ் வைத்திருப்பவர்களும் பழைய வீட்டில் குடியிருப்பவர்களும் கொஞ்சம் கவனிக்கவும். "ராட் ப்ரூஃபிங், அஞ்சு வருஷம் வாரன்டி" என்று, அதாவது எலி நுழையாதபடி கட்டடத்தை அடைத்துத் தருகிறோம் என்று, ஒரு கம்பெனி மாசி வீதிப் பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பெயரை இப்போது போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது.

கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் மளிகைக் கடை. அப்பா காலத்துக் கட்டடம்; கீழே கடையும் குடோனும், மேலே வீடு, பின்னால் சாக்கடைச் சந்து. பொறி வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது பூச்சி, எலிக் கட்டுப்பாட்டு ரெக்கார்டு கேட்டார். உணவுப் பொருள் விற்கிற லைசென்ஸில் அதுவும் ஒரு நிபந்தனை. கேட்டதில் தப்பில்லை. அந்த நிபந்தனையை வைத்தேதான் இந்தக் கம்பெனி பிழைக்கிறது.

வந்த பையன் நன்றாகப் பேசினான். "எலி இனிமே உள்ள வராதுண்ணே. வந்தா முழுப் பணமும் வாபஸ்." சதுர அடிக் கணக்குப் போட்டு 28,000 ரூபாய். முன்பணம் பாதி, வேலை முடிந்த அன்றே மீதி. சுவரை ஒரு இடத்தில்கூடத் தட்டிப் பார்க்கவில்லை, பின்சந்துக்கு யாரும் போகவே இல்லை. எலி எந்த வழியாக வருகிறது என்றே பார்க்காதவர்கள் அதற்குச் சதுர அடி ரேட் போட்டது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேலைக்கு வந்த இரண்டு பேரிடம் இருந்த கருவி ஒரு ஃபோம் டப்பா, ஒரு சிலிகான் துப்பாக்கி, ஒரு அலுமினிய டேப் ரோல். ஓட்டை கண்ட இடமெல்லாம் ஃபோம் அடித்தார்கள். ஏசி பைப் போகிற துளை, கேபிள் நுழையும் இடம், குடோன் மூலை எல்லாம் மஞ்சளாகப் பொங்கி நின்றது. பார்க்க ரொம்ப நிறைவாக இருந்தது, அது உண்மை. மத்தியானம் வந்தவர்கள் காபி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். போகும்போது, காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று பிளக்கில் மாட்டுகிற ஒரு அல்ட்ராசோனிக் பெட்டியும், "எலி இல்லாத வளாகம்" என்று லேமினேட் பண்ணிய சான்றிதழும் கொடுத்தார்கள்.

பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு காலை துவரம்பருப்பு மூட்டை மேல் ரவை சிந்திய மாதிரி மஞ்சள் துகள். மேலே பார்த்தால் ஏசி பைப்பைச் சுற்றி அடித்த ஃபோமில் ஐம்பது காசு அகலத்துக்கு வட்டமாக ஒரு வழி. அதன் விளிம்பில் இரண்டிரண்டாகப் பல் தடம், பக்கத்துச் சுவரில் எலி உடம்பு உரசி உரசி வந்த கறுப்பு எண்ணெய்க் கறை. அந்தக் கறை பழைய கறை. அதாவது எலி புது வழி எதுவும் தேடவில்லை, வழக்கமான பாதையில் இருந்த நுரையைக் கடித்துத் துப்பிவிட்டு வந்திருக்கிறது.

ஃபோம் என்பது காற்றும் குளிரும் வராமல் அடைக்கிற பொருள், எலியைத் தடுக்கிற பொருள் இல்லை. எலியின் முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்டிக், பிவிசி பைப், ஈயம், மெல்லிய அலுமினியம் எதுவும் அதற்கு முன் நிற்காது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், வளர்ந்த எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. பிளக்கில் மாட்டுகிற பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எலியை விரட்டும் என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே அதே பெட்டியை 'ஃப்ரீ' என்று கொடுக்கிறார்கள்.

இதைவிட மோசம் ஒன்று. உள்ளே இருந்த எலிகளைப் பிடிக்காமலே வழியை அடைத்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்குக்குள் மருந்துப் பொட்டலம் வீசியிருக்கிறார்கள். தின்ற எலி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே செத்தது. கடைக்குள் நிற்க முடியவில்லை, வாடிக்கையாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமான் வாங்கினார்கள். சீலிங் பலகையைக் கழற்றினபோது பொட்டலத்தோடு சாம்பல் நிற மாத்திரையும் கிடந்தது, பூண்டு மாதிரி ஒரு நெடி. அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் விஷ வாயு வரும், அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அதை பொதுமக்களுக்கு விற்கவே கூடாது. அனுமதி பெற்றவர்கள்கூட ஆள் குடியிருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. எங்கள் குழந்தைகள் தூங்குவது அந்த சீலிங்குக்கு நேர் மேலே. 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தது ஞாபகம் இருக்கும். அதை வைத்தவர்களும் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள்தான்.

போன் போட்டால், "வாரன்டி கார்டு பின்பக்கம் படிங்க சார்" என்றார்கள். அதுவரை அண்ணே, இப்போது சார். பின்பக்கம் பொடி எழுத்தில்: வாரன்டி நாங்கள் அடைத்த துளைகளுக்கு மட்டும், எலியால் புதிதாக ஏற்படும் துளை, கதவு, ஷட்டர், வடிகால், பக்கத்துக் கட்டடம் வழியாக வருவது சேராது. அடைத்ததை எலி கடித்தால் அது 'புதுத் துளை'யாம்! அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது, எலிதான் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். 'பணம் வாபஸ்' என்று கார்டில் எங்கேயும் இல்லை.

கடைசியில் வேலையைச் செய்தவர் எங்கள் தெருக் கொத்தனார். ராத்திரி கடை விளக்கை அணைக்கச் சொல்லி, உள்ளே பையனை டார்ச்சோடு நடக்கவிட்டு, அவர் பின்சந்தில் நின்று எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று சாக்பீஸால் குறித்தார். கம்பெனிக்காரர்கள் கண்ணிலேயே படாத இடங்கள் அவை. பின்கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து. கரன்ட் கேபிள் வருகிற குழாய் வாய். சாக்கடைப் பக்கம் அஸ்திவாரத்தை ஒட்டி மண் தள்ளிய ஒரு பெரிய வளை. "இது எலி இல்லண்ணே, பெருச்சாளி. இதுக்கு நுரை பத்தாது" என்றார்.

முதலில் உள்ளே பொறிகள் வைத்துப் பிடித்து, புதுப் புழுக்கை விழுவது நின்ற பிறகே கடைசி ஓட்டையை அடைத்தார். ஓட்டைகளுக்குள் கால் அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) திணித்து, மேலே ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை. கதவின் கீழ் ஓரத்தில் ஒரு அடி உயரத்துக்கு வெல்டர் ஜி.ஐ. தகடு அடித்தார். தரை வடிகாலுக்கு இரும்புச் சல்லடை, ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டு அடி தோண்டி, மெஷ்ஷை 'எல்' வடிவத்தில் வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தார். பெருச்சாளி சுவரோரமாகக் கீழே தோண்டி வந்தால் அந்த மடிப்பில் முட்டும். கூலி, சாமான், வெல்டர் எல்லாம் சேர்த்து 11,000 சொச்சம். ஷட்டரின் பக்கவாட்டுச் சந்து மட்டும் இன்னும் சரியாகவில்லை. பிரஷ் பட்டை ஒட்டியிருக்கிறோம், சுண்டெலி ஒன்றிரண்டு இன்னும் வருகிறது.

யாராவது உங்களிடம் இதே வேலைக்கு வந்தால், என்ன பொருளால் அடைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஃபோம், சிலிகான் என்றால் வாசலோடு அனுப்பிவிடலாம். மருந்து வைக்கிறவர்களிடம் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வாங்கிய லைசென்ஸைக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லைக் காட்டி அதுதான் லைசென்ஸ் என்பார்கள், எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன், கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அடுத்தது மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. இதே மஞ்சள் நுரை, இதே லேமினேட் சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தால் பில்லையும் வாரன்டி கார்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து மனு போட வழி இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். சீலிங்கில் மாத்திரை கிடந்தால் நீங்களாகத் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.