கயாக் வேகமும் கைக்கடிகாரமும்: இரண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

கயாக் என்னும் ஒல்லியான துடுப்புப் படகு ஓட்டும் நண்பர்களிடம் "எவ்வளவு வேகம் போவீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஆப் காட்டிய உச்ச வேகத்தைத்தான் சொல்வார்கள். அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். கடிகாரம் கட்டிய கை துடுப்போடு சேர்ந்து முன்னும் பின்னும் போய் வருகிறது. கை முன்னே பாயும் நொடியில் ஜிபிஎஸ் பிடிக்கிற வேகம் கையின் வேகம், படகின் வேகம் அல்ல. என் கடிகாரம் ஒருமுறை மணிக்கு 11 கிலோமீட்டர் என்று காட்டியது. அந்த நேரத்தில் நான் நெற்றியில் கடித்த கொசுவை அடித்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. தண்ணீருக்குப் போவது கோலகங்சார் தாண்டி லெங்கோங் பாதையில் இருக்கும் ராபான் ஏரிக்கு. பேராக் ஆற்றின் குறுக்கே 1930இல் கட்டி முடித்த செண்டரோ அணை தேக்கி வைத்த தண்ணீர் அது. என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 12 அடி பிளாஸ்டிக் கயாக், ஜிபிஎஸ் உள்ள கார்மின் கடிகாரம், முதலில் படகோடு வந்த அலுமினியத் துடுப்பு, அப்புறம் காசு சேர்த்து வாங்கிய கார்பன் துடுப்பு. போட்டிக்குப் போகிற ஆள் இல்லை நான். "ஏன்லா, இவ்ளோ கஷ்டப்பட்டு ஓட்டி மறுபடி அதே எடத்துக்குத்தானே வர்றீங்க?" என்று மச்சான் கேட்பார். நியாயமான கேள்விதான்.

முதலில் கடிகாரத்தைப் பற்றி. பதிவு செய்யும் இடைவெளியை 'ஸ்மார்ட்' என்பதிலிருந்து ஒவ்வொரு நொடிக்கும் என்று மாற்றிவிடுங்கள். திரையில் அந்தந்த நொடியின் வேகத்தை வைக்காமல் லேப் சராசரியை, அதாவது பயணத்தில் நீங்கள் பிரித்துக்கொள்ளும் ஒரு பகுதியின் சராசரியை, வையுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதயத் துடிப்புக்கு மட்டும் மணிக்கட்டு சென்சாரை நம்ப வேண்டாம். துடுப்பை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை இறுகி இறுகித் தளர்வதால் அளவு கன்னாபின்னாவென்று போகிறது. மார்பில் கட்டும் பட்டை வாங்கிய பிறகுதான் எனக்கு உருப்படியான எண்கள் கிடைத்தன. கடிகாரம் இல்லாதவர்கள் கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, கயாக்கின் முன்தட்டில் வாரில் மாட்டி, பயணத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பை ஓட விடலாம். கையோடு ஆடாததால் வேகத்தைப் பொறுத்தவரை அது இன்னும் நேர்மையாகவே காட்டும்.

அடுத்தது தண்ணீர். ஏரி என்று பெயர், ஆனால் அடியில் ஓடுவது ஆறு. மழை பெய்த மறுநாள் நடுவில் மெல்ல இழுக்கும். போய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அசையாத தண்ணீரில் உங்கள் வேகம் 6 கிலோமீட்டர், நீரோட்டம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தோடு போனால் 8, எதிர்த்து வந்தால் 4. ஒரு கிலோமீட்டர் போக ஏழரை நிமிஷம், வர பதினைந்து நிமிஷம். மொத்தம் 2 கிலோமீட்டருக்கு 22.5 நிமிஷம் என்றால் கடிகாரம் காட்டுகிற சராசரி 5.3தான். எதிரோட்டத்தில் கூடுதல் நேரம் செலவாவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. போகும்போது ஒரு லேப், வரும்போது ஒரு லேப் என்று பிரித்து, இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6 வந்துவிடும். காற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எதிர்க்காற்று பிடுங்குகிற அளவுக்குப் பின்காற்று திருப்பிக் கொடுப்பதில்லை. அதனால் வேகம் அளக்கிற நாளில் ஏழேகாலுக்கு வெளிச்சம் வந்ததும் இறங்கிவிடுவேன். மத்தியானத்துக்குப் பிறகு இங்கே காற்று மட்டுமா, இடியும் வரும். இடிச் சத்தம் கேட்டால் எண்ணைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்.

இனி வேகம் எப்படிக் கூடியது என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் மூச்சு வாங்காமல் போகும் வேகம் 5 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. இப்போது அதே இதயத் துடிப்பில் 6. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 5இலிருந்து 6க்குப் போக ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் சக்தி வேண்டும். அவ்வளவு பலம் என் உடம்பில் புதிதாக முளைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பலம் வீணாகாமல் நின்றது, அவ்வளவுதான்.

பெரிய வீணடிப்பு துடுப்பை இடுப்புக்குப் பின்னாலும் இழுப்பது. துடுப்பின் அகன்ற நுனியான பிளேட் இடுப்பைத் தாண்டியதும் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதை விட்டுவிட்டு மேலே அள்ளத் தொடங்குகிறது. படகின் பின்பக்கம் அழுந்தும், மூக்கும் பக்கவாட்டில் திரும்பும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: பிளேட் வெளியே வரும்போது ஒரு கைப்பிடித் தண்ணீர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு வந்தால் தாமதமாக எடுக்கிறீர்கள் என்று பொருள். கால் விரலுக்கு நேரே முழு பிளேடையும் முக்கி, இடுப்பு வந்ததும் பக்கவாட்டில் உருவிவிட வேண்டும். சத்தம் கூட மாறும், 'சளக்' என்பது 'ஸ்லிப்' என்றாகிவிடும்.

இரண்டாவது, கையால் இழுக்காமல் முதுகால் திருப்புவது. வலப்பக்கம் துடுப்பு போடும்போது வலது காலால் கால்கட்டையை அழுத்தி இடுப்போடு சேர்த்து உடம்பைத் திருப்ப வேண்டும். மறுநாள் வலி தோளில் வந்தால் தப்பு, விலாவில் வந்தால் சரி.

இதை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்குச் சரியாக 100 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து நிமிஷத்துக்கு 50 முறை துடுப்பு போட்டால் ஒவ்வொன்றும் உங்களை 2 மீட்டர் நகர்த்துகிறது. வேகம் மாறாமல் எண்ணிக்கை ஏறினால் கை சோர்ந்து பிளேட் மேலோட்டமாகப் போகிறது என்று புரிந்துகொள்ளலாம். உச்ச வேகத்தை விட இந்த 2 மீட்டர்தான் என்னிடம் பொய் சொன்னதில்லை.

கார்பன் துடுப்பு விலைக்குத் தகுமா? என் கணக்கில் தகும், ஆனால் குறுகிய தூரத்தில் வித்தியாசம் தெரியாது. முதல் கிலோமீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஒரு மணி நேரம் தாண்டினால் தோள் சொல்லும். குறை என்று பார்த்தால், நடு இணைப்பு ஒரு வருஷத்திலேயே லேசாக ஆட ஆரம்பித்தது. விற்ற கடைக்காரர் "மணல் போயிருக்கும் பாஸ்" என்று முடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தும் ஆட்டம் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, கூடவில்லை.

நீளமான படகு வாங்கச் சொல்பவர்களும் உண்டு. படகின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், படகு தானே எழுப்பும் அலை அதைத் தடுக்க ஆரம்பிக்கும் வேகம் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். என் படகுக்கு 11 அடி என்று வைத்தால் 4.4, அதாவது மணிக்கு 8.2 கிலோமீட்டர். இது மதில் சுவர் இல்லை. ஒலிம்பிக்கில் ஒருவர் மட்டும் ஓட்டும் கே1 கயாக்கின் நீளம் அதிகபட்சம் 5.20 மீட்டர், இந்தச் சூத்திரப்படி 10 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். 2024 பாரிஸில் செக் வீரர் யோசெஃப் டோஸ்டால் 1000 மீட்டரை 3 நிமிஷம் 24 நொடியில் முடித்தார், அது மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல். படகு ஊசி மாதிரி ஒல்லி, ஓட்டியவர் டோஸ்டால். நானோ 6இல் போகிறவன். அந்த வேகத்தில் அலையை விடப் படகின் மேல் உரசும் தண்ணீர்தான் முக்கியத் தடை, நீளப் படகில் உரசும் பரப்பும் அதிகம். அதோடு என் மைவி காரின் நீளமே 3.9 மீட்டர். 12 அடி படகு அதன் கூரையில் அடங்கிவிடுகிறது. 14 அடி வாங்கினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும், சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.