குவில்ட் குழுவில் மூன்று வருடம்: தைக்கப் போய்ப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன்

பெரம்பூரில் ஒரு மாடி வீட்டு ஹாலில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் கூடுகிற குவில்ட் குழுவில் நான் சேர்ந்து 3 வருடம் ஆகிறது. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தையல் வகுப்பு இல்லை. ஊசியில் நூல் கோப்பதிலிருந்து யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பாதி தைத்ததைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அங்கே வேலை.

மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி, மூன்றும் நகராதபடி சேர்த்துத் தைத்தால் குவில்ட். பாட்டி பழைய புடவைகளை அடுக்கித் தைத்தது இதைத்தானே என்று கொஞ்சம் தெனாவெட்டாகத்தான் போனேன். என் பிளாக்கை, அதாவது மேல் விரிப்புக்காகத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரத்தை, ஸ்கேல் வைத்து அளந்த ஒரு அக்கா, "பிரிச்சிடு கண்ணு" என்றார். 2½ அங்குலச் சதுரம் ஒன்பதை வரிசைக்கு மூன்றாகச் சேர்த்தால் 6½ அங்குலம் வர வேண்டும், எனக்கு வந்தது 6¼. தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம், அதாவது தையல்காரர் கணக்கில் இரண்டு நூல் (ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம்); நான் அரை நூல் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன், ஒரு வரிசைக்கு இரண்டு தையல், ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும், ஆக மொத்தம் இரண்டு நூல் காலி. இப்படி எட்டு பிளாக்கை வரிசையாக வைத்தால் 2 அங்குலம் குறையும். பத்து வருடமாக ஜாக்கெட் தைப்பவள் நான், அதிலென்றால் கொக்கிப் பட்டியில் சரிக்கட்டிவிடுவேன். இங்கே அந்தப் பாச்சா பலிக்கவில்லை. முதல் ஆறு மாதம் தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகள்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்களால் பேர் வந்த வண்ணாரப்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் "ப்யூர் காட்டன்மா" என்பார், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணி மாதிரி இறுகும். அப்புறம், துவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். சோம்பேறித்தனத்தில் ஒரு சிவப்புத் துணியை அப்படியே தைத்தேன், முதல் சலவையிலேயே வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் கலர்.

தடிமனான பஞ்சு ஷீட் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மே மாதத்தில் அதை யார் போர்த்திக்கொள்வது? நான் நடுவில் பழைய நூல் புடவைதான் வைக்கிறேன். குழுவில் இரண்டு பேர் இதற்கு இன்னும் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

சந்தா மாதம் 200 ரூபாய். ரோட்டரி கட்டரும் (துணி வெட்டும் சக்கரக் கத்தி) வெட்டும்போது அடியில் விரிக்கும் பாயும் பொதுவில் கிடப்பதால் எனக்கு அது கட்டுப்படியாகிறது. பிடிக்காதது, ஒருவருக்கொருவர் பிளாக் மாற்றிக்கொள்ளும் மாதம். பன்னிரண்டு பேருக்கும் கால் அங்குலம் பன்னிரண்டு விதம், வாங்கி வந்ததை ஒன்றோடொன்று பொருத்துவதற்குள் கண் பூத்துவிடும்.

அந்த முதல் குவில்ட் இன்னும் முடியவில்லை. ஓரப்பட்டி மட்டும் பாக்கி. போன தடவை அக்கா மறுபடியும் ஸ்கேலை வைத்தார், எதுவும் சொல்லவில்லை, டீயை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.